மூன்றாம் மாடிக்கு ஒரு பேட்டரி

மதுரை கே.கே. நகர் தென்றல் அடுக்ககத்தின் மூன்றாம் மாடியில் குடியிருக்கும் முத்துமீனா செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். வீட்டுக் கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வாங்க நினைத்தவள், கடைக்குப் போய் ஒன்றை வாங்கிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். அவளோ எந்த யூபிஎஸ் நல்லது என்று அடுக்ககத்தின் வாட்ஸ்அப் குழுவில் கேட்டுவிட்டாள்.

அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்காவில் யாரோ ஒருவர் மாடிப்படியில் வழுக்கிக் கையை ஒடித்துக்கொள்வார். அந்த ஆஸ்பத்திரிக் குறிப்பு முத்துமீனாவுக்கு வரும். வழுக்கியதற்கு ஓர் எண், ஒடிந்ததற்கு ஓர் எண், கட்டுப் போட்டதற்கு ஓர் எண் என்று இவள் குறித்து அனுப்ப வேண்டும். எண் சரியாக இருந்தால்தான் அங்கே இன்சூரன்ஸ்காரன் பணம் கொடுப்பான். கம்பெனி சென்னையில் இருந்தது. ஒரு கம்ப்யூட்டரையும் இரண்டு திரைகளையும் கொடுத்து, மதுரையிலேயே இருந்து பார் என்று விட்டிருந்தது. வேலையில் அவள் கெட்டிக்காரி. கரண்டு மட்டும் அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. அமெரிக்கர் பாதி விழுந்த நிலையில் திரை இருட்டாகிவிடும்.

சென்னையில் அவளுக்கு மேலதிகாரி சூரியபிரகாஷ். தன்மையான ஆள். ஒருநாள் போனில் கூப்பிட்டு, அவளுடைய வேலையில் குறையே இல்லை, ஆனால் பாதியில் காணாமல் போய்விடுகிறாள் என்றார். அடுத்து வரும் ஆடிட் அன்று சென்னையிலிருந்து ஒருவர் நாள் முழுக்க அவள் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கும் காணாமல் போனால் வீட்டு வேலையை ரத்து செய்துவிடுவார்கள், அவள் சென்னை ஆபீசுக்கு வரவேண்டியிருக்கும் என்றும் சொன்னார். முத்துமீனாவின் கணவன் மலைச்சாமி இங்கே ஒரு தனியார் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர். மகளும் அதே பள்ளியில் படித்தாள். சென்னை என்றால் அவள் மட்டும் போய் ஒரு விடுதியில் தங்க வேண்டும், அல்லது வேலையை விட வேண்டும். இரண்டையும் நினைத்தாலே அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஆகவேதான் அந்தக் கேள்வி. குழுவில் முதலில் ஒருவர் ரோஜாப்பூ படம் போட்டுக் காலை வணக்கம் சொன்னார். இன்னொருவர் தண்ணீர் லாரி எப்போது வரும் என்று கேட்டார். மூன்றாவதாகச் சங்கத் தலைவர் கண்ணுச்சாமி எழுதினார். இது தனிநபர் பிரச்சினை அல்ல என்றும், யாரும் தன்னிச்சையாகப் பதில் கூற வேண்டாம் என்றும், ஞாயிறு காலை அவசரப் பொதுக்குழு கூடும் என்றும்.

கண்ணுச்சாமி ஓய்வுபெற்ற அரசு அதிகாரி. எந்தத் துறை என்று கேட்டால் நிர்வாகம் என்பார். வாழ்நாளெல்லாம் கையெழுத்துப் போட்ட கை ஓய்வுக்குப் பிறகு சும்மா இருக்க முடியாமல் தவித்தது. தென்றல் அடுக்ககக் குடியிருப்போர் நலச் சங்கம் அந்தக் கைக்குக் கிடைத்தது. அவர் தலைவரான பிறகு மொட்டை மாடியில் வடகம் காயப்போடக்கூட முன் அனுமதி வேண்டும்.

ஞாயிறு காலை கார் நிறுத்தத்தில் நாற்காலி போட்டு, குத்துவிளக்கு ஏற்றிக் கூட்டம் தொடங்கியது. தலைவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அது அவருடைய சொந்தப் பொன்னாடைதான், ஒவ்வொரு கூட்டத்துக்கும் வீட்டிலிருந்து மடித்துக் கொண்டுவருவார். பிறகு மைக்கைப் பிடித்தார்.

"அன்பார்ந்த குடியிருப்போரே. இன்று ஒரு வீட்டில் யூபிஎஸ் வரும். நாளை அடுத்த வீட்டில் வரும். எல்லா வீட்டிலும் வந்துவிட்டால் கரண்டு போவது யாருக்கும் தெரியாது. தெரியாவிட்டால் யாரும் சங்கத்திடம் வந்து முறையிட மாட்டார்கள். யாருமே முறையிடாத சங்கம் எதற்கு என்று நாளைய தலைமுறை கேட்காதா? ஆகவே இதை மேலோட்டமாக அல்ல, ஆழமாக ஆராய வேண்டும்."

கைதட்டினார்கள். முத்துமீனாவும் தட்டினாள். தனக்காக இவ்வளவு பேர் ஞாயிற்றுக்கிழமை குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறார்களே என்று அவளுக்கு நெகிழ்ச்சியாகக்கூட இருந்தது.

மின்தொடர்ச்சி ஆய்வுக் குழு அங்கேயே அமைக்கப்பட்டது. தலைவர் கண்ணுச்சாமி. செயலாளர் தமிழ்வாணி, கல்லூரியில் வணிகவியல் துறைத் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தொழில்நுட்ப ஆலோசகர் நல்லகாமன். நல்லகாமன் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், ஆனால் அவருடைய மகன் அமெரிக்காவில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தான். தொழில்நுட்பத்துக்கு அவ்வளவு பக்கத்தில் அடுக்ககத்தில் வேறு யாரும் இல்லை. கூட்டத்துக்கு வராத இருவர் உறுப்பினர்களாகப் போடப்பட்டார்கள். குழுவின் அறிக்கை வரும்வரை அடுக்ககத்துக்குள் எவரும் பேட்டரி கொண்டுவரக் கூடாது என்று இடைக்காலத் தடையும் போட்டார்கள்.

அறிக்கை எப்போது வரும் என்று முத்துமீனா தயங்கித் தயங்கிக் கேட்டாள். குழு கூடிய பிறகு என்றார் தமிழ்வாணி. குழு எப்போது கூடும் என்றாள். அதைக் குழுதான் முடிவு செய்ய முடியும், அதற்குக் குழு கூட வேண்டும் என்றார்.

குழு ஒருவழியாகக் கூடியது. தமிழ்ப் பெயர் இல்லாத ஒரு பொருளைக் குழு ஆராய முடியாது என்று தமிழ்வாணி கறாராகச் சொன்னதால் முதல் கூட்டம் முழுதும் பெயருக்கே போயிற்று. தடையில்லா மின்வழங்கி என்று அவர் எழுதிக்கொண்டு வந்திருந்தார். தடை இருக்காது என்று சங்கம் எப்படி வாக்குக் கொடுக்க முடியும், நாளைக்குத் தடை வந்தால் யார் பொறுப்பு என்று கண்ணுச்சாமி மறுத்தார். மாலைவரை பேசி, இயன்றவரை தடையில்லா மின்வழங்கி என்று ஒருமனதாக முடிவாயிற்று. சுருக்கமாக இ.த.மி. நல்லகாமன் தன் பங்குக்குத் தலையாட்டினார்.

முத்துமீனா இதற்குள் கடைப்பக்கம் போய்வந்திருந்தாள். வாங்கத்தானே தடை, பார்க்கத் தடை இல்லையே என்று மலைச்சாமி பைக்கில் கூட்டிப்போனான். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் மருது என்பவரின் கடை. சிறியதும் பெரியதுமாகப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. முத்துமீனா, கம்ப்யூட்டருக்கு யூபிஎஸ் வேண்டும் என்று தொடங்கியதுமே மருது கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஒரே கேள்விதான் தங்கச்சி. கரண்டு போனா கம்ப்யூட்டர ஒழுங்கா அணைச்சு வைக்கணுமா, இல்ல கரண்டு வர்ற வரைக்கும் உக்காந்து வேல பாக்கணுமா?"

"வேல பாக்கணும்ணே."

"அப்ப இந்தச் சின்னப் பெட்டி பக்கமே திரும்பாதீங்க. பத்து நிமிசம் தாங்கும். எல்லாத்தையும் சேவ் பண்ணிட்டு எந்திரிச்சுப் போறதுக்குத்தான் இது."

நாள் முழுக்க ஓட வேண்டுமென்றால் இன்வெர்ட்டரும் பெரிய பேட்டரியும்தான் சரி என்றார். அதிலும் ஒரு சூட்சுமம் இருந்தது. சாதாரண இன்வெர்ட்டர், கரண்டு போனதும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் வேலையை எடுக்கும். விளக்குக்கும் ஃபேனுக்கும் அது போதும், கம்ப்யூட்டர் அதற்குள் அணைந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கும். ஆகவே பின்னால் யூபிஎஸ் என்று மாற்றிவைக்கும் சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இன்டர்நெட் பெட்டியையும் அதே லைனில் போட்டுவிட வேண்டும், கம்ப்யூட்டர் எரிந்து நெட் செத்துப்போனால் என்ன பயன். மிக்சி, அயன்பாக்ஸ் எதையும் அதில் சொருகக் கூடாது. இவ்வளவையும் தெளிவாகச் சொன்னவர், அதே மூச்சில் ஒரு டேபிள் ஃபேனும் இரண்டு டார்ச்சும் சேர்த்து எடுத்துக்கொள்ளச் சொன்னார். எதற்கு என்று கேட்டபோது, கடையில் நிறைய இருக்கிறது என்றார்.

முத்துமீனாவுக்கு அன்றைக்கே விஷயம் முடிந்துவிட்டது. எது வேண்டும் என்று தெரிந்துவிட்டது. அதைக் குழுவிடம் சொன்னால் அவர்களுக்கும் வேலை மிச்சம் என்று நம்பிப் போய்ச் சொன்னாள். கண்ணுச்சாமி கவனமாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, மனுதாரரே தீர்ப்பு எழுதினால் குழுவுக்கு என்ன மரியாதை என்று கேட்டார். செய்முறை விளக்கம் இல்லாமல் எதையும் ஏற்க முடியாது என்றும் சொன்னார்.

செய்முறை விளக்கத்துக்கு மருதுவையே அழைத்தார்கள். அவர் அடுக்ககத்தை அண்ணாந்து பார்த்து வீடுகளை எண்ணிவிட்டு, மூன்று மாடல் பெட்டிகளோடு உற்சாகமாக வந்து சேர்ந்தார். எந்தப் பெட்டியிலும் முதலில் கம்ப்யூட்டரைச் சொருகிப் பார்க்கலாம் என்றார். தமிழ்வாணி ஒப்பவில்லை. வணிகவியலில் எதையும் அதன் உச்சத்தில்தான் சோதிப்பார்களாம். வீட்டிலிருந்து மிக்சியைக் கொண்டுவந்து, உளுந்தைப் போட்டு, இருப்பதிலேயே சிறிய பெட்டியில் சொருகினார். பெட்டி மூன்று முறை கத்திவிட்டு அணைந்துபோனது.

"பேசுதே," என்றார் நல்லகாமன். தொழில்நுட்ப ஆலோசகர் என்ற முறையில் அவர் சொன்ன முதல் கருத்து அது.

சுமை தாங்காமல் எச்சரிக்கை கொடுக்கிறது என்று மருது விளக்கினார். கரண்டு போனாலும் இப்படித்தான் கத்தும், வேண்டாமென்றால் ஒரு பொத்தானை அமுக்கிச் சத்தத்தை நிறுத்திவிடலாம் என்றார். கண்ணுச்சாமிக்குப் பொத்தான் காதில் விழவில்லை. கரண்டு போய்விட்டது என்று குடியிருப்போருக்கு அறிவிக்கும் உரிமை சங்கத்துக்கு மட்டுமே உண்டு, ஒரு பெட்டி தன்னிச்சையாகக் கத்துவதை அனுமதிக்க முடியாது என்றார். அதை ஆராய ஒலித் துணைக்குழு ஒன்று அமைந்தது. கூட்டத்துக்கு எப்போதுமே வராத அந்த இரண்டு உறுப்பினர்களையே அதில் போட்டார்கள். அவர்கள் மட்டுமே சும்மா இருந்தார்கள்.

அடுத்தது கள ஆய்வு. மின்சாரம் இல்லாமல் மனிதர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று அறியாமல் மின்தடையைப் பற்றி எப்படி அறிக்கை எழுதுவது என்று கண்ணுச்சாமிக்கு ஒருநாள் காலை நடைப்பயிற்சியின்போது தோன்றியது. சங்கப் பணத்தில் வேன் பிடித்து, புளியோதரையும் வடையும் கட்டிக்கொண்டு, குழு கீழக்குயில்குடிக்குப் புறப்பட்டது. அங்குள்ள சமணர் மலையில் அந்தக் காலத்தில் துறவிகள் தங்கியிருந்தார்கள் அல்லவா. மனுதாரர் உடன் வர வேண்டும் என்றதால் முத்துமீனா லீவு போட்டுக்கொண்டு போனாள்.

தாமரைக் குளத்தோரம் ஆலமர நிழலில் உட்கார்ந்து முதலில் புளியோதரையை முடித்தார்கள். பிறகு மலை ஏறினார்கள். பாதி வழியில் கண்ணுச்சாமிக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மீதியைத் தன் சார்பில் பார்த்து வரும்படி மற்றவர்களுக்கு அதிகாரம் வழங்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்தார். நல்லகாமன் பாறையில் செதுக்கிய தீர்த்தங்கரர்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கற்படுக்கையைத் தட்டிப் பார்த்தார். ப்ளக் பாயிண்ட் எங்கும் இல்லை என்று முத்துமீனாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். இறங்கிவந்ததும் அது இடைக்கால அறிக்கையாயிற்று: சமணத் துறவியர் இயன்றவரை தடையில்லா மின்வழங்கி எதையும் பயன்படுத்தியதற்குச் சான்று இல்லை. ஆகவே அவசரம் இல்லை.

திரும்பி வரும்போது வேனில் எல்லோரும் தூங்கினார்கள். முத்துமீனா மட்டும் விழித்திருந்தாள். தான் எதைக் கேட்டோம், இவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்று அவளுக்கே குழம்பிப்போயிற்று.

குழப்பம் தெளிவதற்குள் ஆடிட் தேதி குறிக்கப்பட்டுவிட்டது. சூரியபிரகாஷ் அனுப்பிய அந்தத் தேதியைப் பார்த்து அவள் தயாராகிக்கொண்டிருந்தபோது, மலைச்சாமி செல்போனை நீட்டினான். மாதாந்திரப் பராமரிப்புக்காகக் கே.கே. நகரில் காலை முதல் மாலை ஐந்து மணிவரை மின்சாரம் இருக்காது என்று அறிவிப்பு வந்திருந்தது. அதே தேதி. தேதியை மாற்ற முடியுமா என்று சூரியபிரகாஷிடம் கெஞ்சினாள். அமெரிக்கக்காரர்கள் குறித்த தேதி, தன் கையில் இல்லை என்றார் அவர். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது.

அன்று சாயங்காலமே தலைவர் வீட்டுக்குப் போய்த் தனி அனுமதி கேட்டாள். கண்ணுச்சாமி அவளை உட்கார வைத்து, மனைவியிடம் சொல்லிக் காபி வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் கேட்டார். சென்னை, விடுதி, மகள் என்று அவள் சொல்லச்சொல்ல அவர் கண் கலங்கியது.

"ஒம் வேதன எனக்குப் புரியுது தாயி," என்றார். "புரியுறதுனாலதான் அவசரப்பட வேணாங்கிறேன். ஒனக்காக ஒரு விதிய ஒடச்சா, அப்புறம் கஷ்டப்படுற எல்லாருக்கும் ஒடைக்கச் சொல்லுவாங்க."

வீட்டுக்கு வந்து அழுதாள். திருவாதவூரில் சித்தி வீடு இருந்தது, அங்கே அன்றைக்குக் கரண்டு இருக்கும், கம்ப்யூட்டரை அங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்தாள். ஆனால் சித்தி வீட்டில் செல்போன் பேசவே மாட்டுக்கொட்டில் பக்கம் போய் நிற்க வேண்டும்.

"கம்ப்யூட்டரத் தூக்கிக்கிட்டு ஊரூராப் போறதுக்கு, பேட்டரியத் தூக்கிக்கிட்டு மூணு மாடி ஏறிரலாம் மீனா," என்றான் மலைச்சாமி.

மறுநாள் மத்தியானம், அடுக்ககம் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கும் நேரமாகப் பார்த்து, மருதுவின் ஆட்டோ வந்து நின்றது. லிஃப்டில் சாமான் ஏற்றத் தனி அனுமதி வேண்டும் என்பதால் படிதான். பேட்டரியைப் போர்வையால் சுற்றி, மலைச்சாமி ஒரு பக்கமும் மருதுவின் ஆள் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்கினார்கள். மருது இன்வெர்ட்டரோடு முன்னாலேயே ஏறிப் போயிருந்தார். பள்ளியில் பிள்ளைகளை ஓட விட்டுவிட்டு நிழலில் நிற்கும் மலைச்சாமிக்கு அன்றைக்குத்தான் உடற்கல்வி என்றால் என்னவென்று தெரிந்தது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் இறக்கிவைத்து மூச்சு வாங்கியபோது எதிரே நல்லகாமன் இறங்கி வந்தார்.

தூக்கிவந்த இருவரும் அசையவில்லை. போர்வை ஒரு பக்கம் விலகியிருந்தது. நல்லகாமன் குனிந்து பார்த்தார். பேட்டரியை லேசாகத் தட்டினார்.

"கிரைண்டரா? டில்டிங்கா, சாதாவா?"

"சாதாண்ணே," என்றான் மலைச்சாமி.

"சாதாதான் நல்லது. மாவு பொங்கி வரும்," என்று சொல்லிவிட்டுத் தொழில்நுட்ப ஆலோசகர் இறங்கிப் போனார்.

பால்கனி ஓரத்தில் காற்று படும் இடத்தில் பேட்டரியை வைத்து, அறைக்குள் மேசைக்குப் பக்கத்தில் இன்வெர்ட்டரை வைத்து, பின்பக்கச் சுவிட்சை யூபிஎஸ் பக்கம் தள்ளி, மருது மெயினை அணைத்துப் பார்த்தார். திரை சிமிட்டக்கூட இல்லை. முத்துமீனா அந்தப் பெட்டியைக் கையால் தொட்டுப் பார்த்தாள். பல மாதங்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ரகசியம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. ஒரு நாள் பொழுது சாய்ந்த நேரத்தில் கரண்டு போயிற்று. அடுக்ககம் முழுதும் இருண்டது. முத்துமீனா வேலை முடிந்து எழுந்துவிட்டாள். மலைச்சாமியோ பழக்கதோஷத்தில் அந்த லைனில் ஒரு டியூப்லைட்டைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்தான். தெருவிலிருந்து பார்த்தால் மூன்றாம் மாடியில் மட்டும் பளிச்சென்று ஒரு ஜன்னல். கொஞ்ச நேரத்தில் கதவு தட்டப்பட்டது. திறந்தால் கண்ணுச்சாமி நின்றார். கையில் செல்போன் சார்ஜர் இருந்தது.

நேரே உள்ளே வந்து சார்ஜரைச் சொருகினார். நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். போனை அடிக்கடி எடுத்துப் பார்த்துக்கொண்டார். அது நிறைந்ததும் சார்ஜரைப் பிடுங்கிச் சுருட்டிப் பையில் வைத்தார். பிறகு எழுந்து நின்று, இது மிகக் கடுமையான விதிமீறல் என்றார்.

முத்துமீனா இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் போய் நின்றாள். பெட்டியை எடுக்கச் சொன்னால் சென்னைதான். ஆனால் கண்ணுச்சாமி அறையைச் சுற்றி நடந்தார், இன்வெர்ட்டரின் பச்சை விளக்கைக் குனிந்து பார்த்தார், அவர் முகம் மெல்ல மாறியது. பெட்டியை எடுக்கச் சொன்னால் சங்கத்தின் தடை மீறப்பட்டது என்று பதிவாகும். தடை மீறப்பட்டதே இல்லை என்று ஆக்க ஒரு வழி இருந்தது. இந்தப் பெட்டி குழுவின் முன்னோடித் திட்டம், குழுவே இதை இங்கே சோதனைக்கு வைத்திருக்கிறது என்று அறிவித்துவிடலாம். ஒரு முன்னோடித் திட்டம் என்றால் முறைப்படி திறந்து வைக்க வேண்டும். கரண்டு இல்லாத நாளில் திறந்தால்தான் பொருத்தமாக இருக்கும் என்று சொல்லி, பராமரிப்பு மின்தடை நாளையே குறித்தார்.

அன்றைக்கு ஆடிட் என்று முத்துமீனா சொன்னாள். அப்படியானால் இரட்டை விசேஷம் என்றார் கண்ணுச்சாமி.

அந்த நாள் வந்தது. காலையில் கரண்டு போனது. பெட்டி வேலையை எடுத்துக்கொண்டது. முத்துமீனா காதில் ஹெட்போனை மாட்டி, சென்னையில் தன் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆடிட்டர் அம்மாவுக்கு வணக்கம் சொல்லிவிட்டுத் தொடங்கினாள். மலைச்சாமி பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு வாசலில் காவல் நின்றான். விழாவைச் சாயங்காலத்துக்குத் தள்ளிவைக்கச் சொல்லி அவன் இரண்டு முறை போய்க் கேட்டிருந்தான். நல்ல நேரம் முற்பகலில்தான் இருக்கிறதாம்.

முற்பகலில் படியில் காலடிச் சத்தம் கேட்டது. தலைவர், செயலாளர், ஆலோசகர், பின்னால் பாதி அடுக்ககம். தாம்பாளத்தில் கத்தரிக்கோல், ரிப்பன், கற்பூரம். ஒரு தலைவர் பொன்னாடையோடு நேரே நடந்து வரும்போது அவர் முகத்தில் கதவைச் சாத்துவது எப்படி என்று மலைச்சாமிக்குத் தெரியவில்லை. நகர்ந்து நின்றான்.

அவர்கள் முத்துமீனாவுக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்பதில் மிகக் கவனமாக இருந்தார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, விரலை உதட்டில் வைத்து ஒருவரையொருவர் அடக்கிக்கொண்டு, அவள் நாற்காலியைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள். தமிழ்வாணி இன்வெர்ட்டருக்குக் குறுக்கே ரிப்பன் கட்டினார். கண்ணுச்சாமி வெட்டினார். ஓசையில்லாமல் கைதட்டினார்கள். பிறகு கண்ணுச்சாமி குனிந்து, பெட்டியின் முகப்பில் இருந்த பொத்தானை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டினார்.

"சார், அது ஏற்கெனவே ஓடிக்கிட்டு இருக்கு சார்," என்று மலைச்சாமி கிசுகிசுத்தான்.

ஓடுவதை எப்படித் திறந்து வைப்பது என்று கண்ணுச்சாமி அதே கிசுகிசுப்பில் கேட்டார். அணைத்துவிட்டு மறுபடி போட்டால்தான் திறப்பு. ஒரு நொடி வேலைதானே.

முத்துமீனாவின் திரையில் ஓர் அமெரிக்கக் கிழவர் குளியலறையில் விழுந்து கிடந்தார். அவருக்கு எண் போடும் நேரத்தில் விரல் பொத்தானைத் தொட்டுக்கொண்டிருந்தது. மலைச்சாமி குறுக்கே கையை நீட்டினான், யாரோ அவனை மரியாதையாகப் பின்னால் இழுத்தார்கள். இத்தனை மாதங்களாகக் கூட்டத்தில் தட்டச் சொன்னபோது தட்டி, வேனில் ஏறச் சொன்னபோது ஏறியவள், ஹெட்போனின் மைக்கை அணைத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே பேசினாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது.

"தாராளமா அமுக்குங்க சார். ஒலித் துணைக்குழுவோட ஒப்புதல் வந்துருச்சுல்ல?"

விரல் நின்றது.

"அணைச்சுப் போட்டா பெட்டி சத்தம் குடுக்கும் சார். ஒப்புதல் வாங்காம தலைவரே சத்தத்தக் கெளப்புனாருன்னு நாளைக்கு யாராச்சும் எழுதிக் குடுத்துட்டா, ஒங்க பேருக்குல்ல கேடு."

கண்ணுச்சாமி விரலை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தார். வெந்நீரில் பட்டதுபோல அதைப் பொன்னாடையில் துடைத்துக்கொண்டார். தமிழ்வாணியைப் பார்த்தார். ஒப்புதல் வரவில்லை, அந்தத் துணைக்குழு இதுவரை கூடவே இல்லை என்று தமிழ்வாணி முகம் வெளிறிச் சொன்னார். எல்லோரும் வந்தது போலவே ஓசையில்லாமல் வெளியேறினார்கள். மலைச்சாமி கதவைச் சாத்தி, தாழ்ப்பாள் போட்டு, அதற்கு முன்னால் நாற்காலியையும் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முத்துமீனா மைக்கைத் திறந்தாள். குளியலறையில் கிடந்த கிழவருக்கு எண் போட்டாள்.

மாடிப்படியில் கூட்டம் தொடர்ந்தது. ஒலித் துணைக்குழு உறுப்பினர்களில் ஒருவர் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தார். போனில் சம்மதம் வாங்கினால் செல்லுமா என்று விவாதித்தார்கள். செல்லும் என்று முடிவானபோது மற்றவரைத் தேடிப் போனார்கள். அவர் தன்னைக் கேட்காமலே உறுப்பினராகப் போட்டதற்கு விளக்கம் கேட்டார். படியிலேயே மத்தியானச் சாப்பாடு வந்தது. ஐந்து மணிக்குக் கரண்டு வந்தது. அதற்கு முன்பே அன்றைய கடைசி அமெரிக்கரும் கட்டுப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆடிட் முடிவைச் சொல்ல சூரியபிரகாஷ் கூப்பிட்டார். தவறு எதுவும் இல்லை, இனி வீட்டிலிருந்தே பார்க்கலாம் என்றார். முற்பகலில் சிறிது நேரம் அவள் மைக் அணைந்திருந்ததே, ஏதும் பிரச்சினையா என்று கேட்டார். விருந்தாளிகள் வந்திருந்தார்கள் என்றாள். போனை வைத்ததும் மகளைக் கட்டிக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த பொதுக்குழுவில் தமிழ்வாணி எழுந்து, அன்றைக்கு அவ்வளவு பேர் இருந்தும் விதி தெரிந்து பேசியவர் ஒருவர்தான் என்றார். முத்துமீனாவை இணைச் செயலாளராக ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் மறுக்கத்தான் எழுந்தாள். மைக் கைக்கு வந்ததும் ஒரு கணம் யோசித்தாள்.

"மின்தொடர்ச்சி ஆய்வுக் குழுவின் பணி மகத்தானது," என்றாள். "இவ்வளவு மகத்தான குழு தன் அதிகார எல்லை எதுவென்று தெரியாமல் செயல்படுவது அதன் தகுதிக்குக் குறைவு. அந்த எல்லையை வரையறுக்க ஓர் உயர்நிலைக் குழு வேண்டும். அதன் அறிக்கை வரும்வரை, கீழ்நிலைக் குழு விதித்த எல்லாத் தடைகளையும் நிறுத்திவைக்க வேண்டும்."

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. உயர்நிலை என்ற சொல்லைக் கண்ணுச்சாமி இரண்டு முறை மெல்லச் சொல்லிப் பார்த்தார். தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டு, அதற்குத் தனியாக ஒரு பெயர்ப்பலகை வைக்கலாமா என்று மட்டும் கேட்டார். வைக்கலாம் என்றாள் முத்துமீனா.

உயர்நிலைக் குழு இப்போதும் ஞாயிறு இரவு தவறாமல் கார் நிறுத்தத்தில் கூடுகிறது. எல்லை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதில் இன்னும் உடன்பாடு வரவில்லை. மருதுவின் ஆட்டோ வாரம் ஒரு தடவையாவது அடுக்ககத்துக்கு வந்துபோகிறது. போன ஞாயிறு கூட்டத்தின் நடுவில் கரண்டு போயிற்று. மேலே எல்லா ஜன்னல்களிலும் விளக்கு எரிந்தது, கீழே கூட்டம் நடந்த இடம் மட்டும் இருட்டு. கண்ணுச்சாமி பேச்சை நிறுத்தவில்லை. யார் கை தூக்கினார்கள் என்று யாருக்கும் தெரியாமலே தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.